அடியிலிருந்து எடுத்த சாக்லேட்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கத்திரி வெயிலில் இன்னும் சீக்கிரம் வரும். இது தெரிந்தும் எங்கள் பத்திரிகை ஆசிரியர் என்னை மே மாதத்தில் மரக்காணத்துக்கு அனுப்பினார்.

அது 2005. சென்னையில் ஒரு வணிகப் பத்திரிகையில் வேலை பார்த்தேன். பெல்மோரா, டிவோனா என்று இரண்டு பெரிய சாக்லேட் கம்பெனிகள். அவர்களுக்குள் நடந்த சண்டையைத் தொடராக எழுதிக்கொண்டிருந்தேன். விளம்பரத்தில் ஆரம்பித்த சண்டை விலைக்குப் போய், கடைசியில் ஃப்ரிட்ஜில் வந்து நின்றது. வெயில் ஊரில் சாக்லேட் உருகாமல் இருக்க ஃப்ரிட்ஜ் வேண்டும். சின்னக் கடைக்காரர் அதற்கு எங்கே போவார்? கம்பெனியே இலவசமாகக் கொண்டுவந்து வைத்துவிடும். நிபந்தனை ஒன்றுதான். அந்தப் பெட்டிக்குள் அந்தக் கம்பெனிச் சரக்கைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்தக் கூத்தாடி நான்தான், தொடருக்கு நல்ல வாசகர்கள் இருந்தார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் ஒரே வருடத்தில் டிவோனாவின் பச்சைப் பெட்டி பிடித்துவிட்டது. ஒரே ஒரு கடை மட்டும் மசியவில்லை. அனுமந்தைக்குப் பக்கத்தில், உப்பளத்தைப் பார்த்தாற்போல் சாலையோரம் இருந்த ஆனந்தம்மாள் ஸ்டோர்ஸ். அங்கே இன்னும் பெல்மோராவின் சிவப்புப் பெட்டிதான்.

"அந்தக் கடையில அப்படி என்ன ரகசியம் இருக்குன்னு பாத்துட்டு வா" என்றார் ஆசிரியர். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

முதல் நாள் டிவோனாவின் விற்பனையாளரைத் திண்டிவனத்தில் பார்த்தேன். ஆரோக்கிய பிரபு, முப்பது வயதிருக்கும். அந்த வழித்தடம் முழுவதையும் பச்சையாக்கிய ஆள். அனுமந்தைக் கடையைப் பற்றிக் கேட்டதும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா பிடிவாதக்காரங்க மேடம். நம்மால முடியல."

"மத்த எல்லாக் கடையும் முடிஞ்சுது. இது மட்டும் ஏன் முடியல?"

"சில கடை அப்படித்தான் மேடம்" என்று பேச்சை ஆரோவில் பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்விட்டார். தோற்றவன் கதை சொல்ல மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பெல்மோராவின் கலியமூர்த்தியோடு அவருடைய வண்டியிலேயே கடைக்குப் போனேன். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை, சட்டம் பேசுகிற மனிதர். வழியெல்லாம் அதே பேச்சுதான். "பெட்டிக்குள்ள ஒரு தண்ணி பாக்கெட் இருந்தாக்கூட விட மாட்டேன் மேடம். மொகையூர்ல ஒருத்தர் மீன் வச்சிருந்தாரு. அன்னிக்கே தூக்கிட்டேன்."

முன்கூட்டிச் சொல்லாமல்தான் போனோம். வண்டி நின்றதைப் பார்த்ததும் கல்லாவில் இருந்த ஆனந்தம்மாள் சட்டென்று எழுந்து சிவப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு எதையோ அடுக்கினார். எங்களைப் பார்த்துவிட்டுத்தான் சரக்கை ஒழுங்கு பண்ணுகிறார் என்று நினைத்தேன். கலியமூர்த்தி பெட்டியைத் திறந்து பெருமையோடு காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு உறையும் பெயர் தெரியும்படி மேல்பார்த்து, நிறம் நிறமாக, வரிசை பிசகாமல் இருந்தது. அடியில் பரிசுப் பெட்டிகள். கலியமூர்த்தி பெட்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு மரக்காணத்துக்குப் போய்விட்டார். நான் தங்கிவிட்டேன்.

ஆனந்தம்மாளுக்கு ஐம்பது வயது. கழுத்தில் சிலுவை டாலர், இடுப்பில் சொருகிய சாவிக்கொத்து. என் கேள்விக்கெல்லாம் அரை வார்த்தையில் பதில் சொன்னார்.

"டிவோனா பெட்டி இதைவிடப் பெருசு. லைட்டெல்லாம் போட்டிருக்கும். கரண்டு பில்லுல பாதி அவங்களே தர்றாங்களாமே. ஏம்மா வேணாம்னு சொன்னீங்க?"

"அது கண்ணாடிப் பெட்டிங்க. உள்ள இருக்குறது எல்லாம் வெளிய தெரியும்."

"தெரிஞ்சாதானே வியாபாரம்?"

"எனக்கு வேணாங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்த வெயிலில் இத்தனை தூரம் வந்தது இதற்காகவா?

எதிரே உப்பளத்தில் வெள்ளை வெளேரென்று குவியல்கள். அவற்றைப் படமெடுக்கத்தான் புதுச்சேரிக்குப் போகிற கார்கள் இங்கே நிற்கும். இறங்குகிற பிள்ளைகள் சாக்லேட் கேட்கும். இரண்டு கம்பெனியும் இந்தக் கடைக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றதற்குக் காரணம் அதுதான். கண் கூசியது. வெளியே பார்க்க முடியாமல் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிவாக்கில் ஒரு பெண் குழந்தை வந்தாள். ஒன்பது வயதிருக்கும், ஒல்லி, இரட்டைப் பின்னல். பேர் தமிழ்நிலா. அவள் அம்மா முத்தம்மாள் எதிரே பாத்தியில் உப்பு வாருகிறாள் என்று ஆனந்தம்மாள் சொன்னார். அந்தப் பெண் யாரையும் கேட்காமல் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, பெட்டியைத் திறந்து, கலைந்திருந்த சாக்லேட்டுகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். இத்தனை அழகாக அடுக்கியது யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீதானா அது? இந்தா" என்று ஒரு சாக்லேட் வாங்கி நீட்டினேன்.

"எனக்கு வேணாம்" என்றாள், வரிசையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வெக்கப்படாத, வாங்கிக்கோ."

"அதான் வேணாங்குதில்ல? விடுங்களேன்" என்றார் ஆனந்தம்மாள். குரல் சுருக்கென்று இருந்தது. பிள்ளைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்ததற்கு இப்படியா? நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் ஆனந்தம்மாள் எங்கேயோ போனார். மே மாதம் மாதா வணக்க மாதம், கோயிலைக் கழுவி அலங்கரிக்கிற முறை அன்றைக்கு அவர்களுடையதாம். கடைக்கு அவர் கணவர் சேவியர்ராஜ் வந்தார். மனைவிக்கு நேர் எதிர். நான் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் மோர் வாங்கிக் கொடுத்தார், விசிறினார், தன் கல்யாணக் கதையைச் சொன்னார். ஆனால் பச்சைப் பெட்டி ஏன் இல்லை என்றதற்கு, "அதெல்லாம் ஹோம் மினிஸ்டர் டிபார்ட்மென்டுங்க" என்று சிரித்துவிட்டார்.

நான் கிளம்பும்போது அவருக்கு மனசு கேட்கவில்லை.

"வீட்டுக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்புனா நல்லா இருக்காதுங்க. இருங்க."

பெட்டியைத் திறந்தார். மேலே இருந்ததை எடுக்கவில்லை. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வழிப்போக்கருக்கு மேலே இருப்பதைக் கொடுப்பார்கள். வேண்டியவர்களுக்கு அடியிலிருந்து எடுப்பார்கள். மூடியைத் திறந்து திறந்து மூடுவதில் மேலே இருப்பது இளகிப்போயிருக்கும், அடியில் இருப்பதுதான் கெட்டியாக, ஜில்லென்று இருக்கும். சேவியர்ராஜ் தோள்வரை கையை விட்டு, அடிமூலையிலிருந்து ஒரு பரிசுப் பெட்டியை உருவி என் பையில் வைத்தார்.

"அடிச்சரக்குங்க. திண்டிவனம் போற வரைக்கும் உருகாது."

ஒரு நாள் முழுவதும் வீண் என்ற எரிச்சலில் நான் நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது ஐந்தரை. மோர் எப்போதோ ஜீரணமாகிவிட்டது. சென்னை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அந்தப் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே சாக்லேட் இல்லை. ஈரத்துணியில் சுற்றிய மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஒரு கட்டு ஊசிகள். குப்பியில் இன்சுலின் என்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு ஒட்டியிருந்தது. பெயர் தமிழ்நிலா, வயது ஒன்பது. காலை, மாலை சாப்பாட்டுக்கு முன்னால்.

கண்ணாடிப் பெட்டி ஏன் வேண்டாம் என்பது, அந்தப் பிள்ளை ஏன் சாக்லேட் வேண்டாம் என்றாள் என்பது, வண்டி வந்து நின்றதும் ஆனந்தம்மாள் பெட்டிக்குள் தலையை விட்டு எதை ஒளித்தார் என்பது எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒரு மாதத்து மருந்து என் மடியில் இருந்தது. மாலை ஊசிக்கு அங்கே ஒன்றுமில்லை.

கலியமூர்த்தியின் நம்பர் என்னிடம் இருந்தது. போன் பண்ணினால் வண்டியோடு வருவார். வந்தால் விஷயம் தெரியும். தெரிந்தால் நாளைக்கே கடையின் ஃப்ரிட்ஜ் போய்விடும், அப்புறம் இந்தத் தீயில் மருந்தை எங்கே வைப்பார்கள்? பிரபுவைக் கூப்பிட்டால் அவர் எதிராளி. பெல்மோரா பெட்டிக்குள் மருந்து ஊசி என்பதைவிட வேறென்ன வேண்டும் அவருக்கு? இத்தனை நாள் நான் தூண்டிவிட்டு எழுதிய சண்டைதானே, இருவரும் எதற்கும் துணிந்தவர்கள் என்று எழுதியதும் நான்தானே. இரண்டு பேரையும் கூப்பிடவில்லை. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பெட்டியைச் சுற்றி வைத்துக்கொண்டு மரக்காணம் பஸ்ஸில் ஏறினேன்.

பிரம்மதேசம் தாண்டியதும் பஸ் டயர் பஞ்சர். டிரைவர் நிதானமாக இறங்கிப் பீடி பற்றவைத்தார். அந்த மனிதரிடம் நான் போட்ட சத்தத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அழுகைதான் சத்தமாக வந்தது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி, வந்த வண்டிக்கெல்லாம் கையைக் காட்டினேன். நின்றது ஒரு பச்சை வேன்.

"இன்னா மேடம், இங்க நிக்கிறீங்க?" என்று எட்டிப் பார்த்தார் ஆரோக்கிய பிரபு.

வேறு வழியில்லை, ஏறிக்கொண்டேன். அனுமந்தையில் ஒரு பொருளை மறந்து வைத்துவிட்டேன் என்று புளுகினேன். அவர் என் மடியைப் பார்த்தார். டிவோனா வண்டியில் பெல்மோராவின் சிவப்புப் பரிசுப் பெட்டி. ஐஸ் தண்ணீர் என் புடவையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்க வண்டியில எங்க எதிரிச் சரக்கு" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். சரக்கு வைக்கிற குளிர்ப்பெட்டியில் இடம் ஒதுக்கிவிட்டு என் பக்கம் வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க மேடம், உள்ள வைக்கலாம். அது தமிழ்நிலா மருந்துதான?"

கொடுத்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வண்டி கிளம்பின பிறகுதான் கேட்க முடிந்தது.

"சாக்லேட்டுக்கு ஐஸ் சுத்தி, திரும்ப அந்தக் கடைக்கே யாரு மேடம் எடுத்துனு போவாங்க? மார்ச் மாசம் நான்தான் அந்தக் கடையில கண்ணாடிப் பெட்டி எறக்குனேன். அந்தம்மா சரின்னுதான் சொன்னாங்க. செவப்புப் பெட்டிய மூலையில தள்ளிட்டு எங்களத வச்சோம். மறுநா சரக்கு போட வந்தேன். ஒரு கார்க்காரங்க பெட்டிக்குள்ள ஊசியப் பாத்துட்டு, சாக்லேட்டோட ஊசியா, ச்சீன்னு கத்திட்டுப் போயிட்டாங்க. அந்தப் புள்ள அங்கதான் நின்னுனு இருந்துது. ஒன்னும் சொல்லாம, மருந்தை எடுத்துக் கவுன்ல சுத்திக்கிச்சு. எங்க பெட்டியில எதையுமே மறைக்க முடியாது மேடம். நான் இன்னா பண்றது?"

"என்ன பண்ணீங்க?"

"எங்க பெட்டிய வண்டியில ஏத்துனேன். செவப்புப் பெட்டிய நானே இழுத்து எடத்துல வச்சி, பிளக்கைச் சொருவிட்டுப் போயிட்டேன். ஆபீஸ்ல கடைக்காரம்மா பிடிவாதம், ஒத்துக்கலன்னு சொல்லிட்டேன்."

பெல்மோராவின் அந்தப் பெட்டியைக் காப்பாற்றியவர் டிவோனாவின் ஆள். அந்தக் கடையின் வியாபார ரகசியம் இதுதான். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"கலியமூர்த்திக்குத் தெரியுமா?"

"நான் கேட்டதில்ல மேடம். கேட்டா அவரு பதில் சொல்ல வேண்டி வரும்."

கடையில் விளக்கு எரிந்தது. நாலு வீடு கேட்க ஆனந்தம்மாள் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தார். "அடியிலருந்து குடுத்தாராம் அடியிலருந்து. பெரிய கர்ணன்." சேவியர்ராஜ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் தேடித் திண்டிவனத்துக்கே மிதிக்கக் கிளம்பியிருக்கிறார். படியில் தமிழ்நிலாவும், அவளை அணைத்துக்கொண்டு முத்தம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் முழங்கால் வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பிள்ளை இன்னும் சாப்பிடவில்லை, ஊசி போடாமல் எப்படிச் சாப்பிடுவாள்?

பிரபு பெட்டியை எடுத்து வந்ததும் ஆனந்தம்மாள் திட்டுவதை நிறுத்தினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். முத்தம்மாளின் விரல்கள் உப்பில் வெடித்திருக்கும், ஊசி பிடிக்க வராது, அதனால் காலையும் மாலையும் ஊசி போடுவது ஆனந்தம்மாள்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன். குப்பியை உள்ளங்கையில் உருட்டி, அளவு பார்த்து ஊசியில் ஏற்றி, விளக்குக்கு நேரே பிடித்துக் காற்றை எடுத்தார். பிள்ளை தானே கையை நீட்டினாள்.

"என் மருந்து பச்சை வண்டியிலயா வந்துச்சு?" என்றாள் பிரபுவிடம்.

"ஆமா. எங்க வண்டிதான் ஃபாஸ்ட்டு."

"உங்க பெட்டிதான் வேஸ்ட்டு" என்றாள். முத்தம்மாளும் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையின் சொரசொரப்பு இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆனந்தம்மாள் என்னிடம் வந்தார். "காலையில வெடுக்குனு பேசிட்டேன், மனசுல வச்சிக்காதீங்க. செக்கிங் அன்னிக்குப் பானையில வச்சிடுவேன். நீங்க சொல்லாம கொள்ளாம வந்து நின்னீங்க, காலி சாக்லேட் பெட்டிதான் கைக்கு வந்துது, அதுக்குள்ள போட்டு அடியில வச்சிட்டேன். இந்த மனுஷன்கிட்ட சொல்ல மறந்துட்டேன். நீங்க எழுதறவங்க. எழுதுனா பெட்டிய எடுத்துருவாங்க. எதை எழுதுனாலும் இந்தப் புள்ளய நெனச்சிக்குங்க."

"எழுத மாட்டேன்மா."

"எழுதுங்க மேடம்" என்றார் பிரபு. "ஒன்னும் எழுதலன்னா உங்க ஆபீஸ்ல வேற ஆளை அனுப்புவாங்க. எங்க ஆபீஸும் விடாது. பிரபுவால முடியல, தோத்துட்டான்னு எழுதுங்க. அதோட ஆராய்ச்சி முடிஞ்சிடும்."

"உங்க வேலை?"

"பாத்துக்கலாம்" என்றார்.

கிளம்பும்போது ஆனந்தம்மாள் சேவியர்ராஜைப் பார்த்து, "இனிமே யாரு வந்தாலும் மேலருந்தே குடு" என்றார். எனக்கு மேலேயிருந்துதான் ஒன்று கிடைத்தது. இளகிப்போயிருந்தது. தமிழ்நிலா முக்காலியில் ஏறி, தோள்வரை கையை விட்டுத் துழாவி, அடியிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரபுவிடம் நீட்டினாள். கம்பெனி சட்டை போட்டுக்கொண்டு எதிர்க் கம்பெனி சாக்லேட் தின்றால் வேலை போய்விடும். அவர் வேன் படியில் உட்கார்ந்து, முழுவதையும் நிதானமாகத் தின்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தின்று முடிக்கிற வரைக்கும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்குது?"

"ஜில்லுனு இருக்குது. ஆனா எங்களது இன்னும் நல்லா இருக்கும்."

"பொய்யி."

அடுத்த மாத இதழில் எழுதினேன். சாலை முழுவதையும் வென்ற டிவோனாவின் ஆரோக்கிய பிரபு அனுமந்தையில் ஒரு பெட்டிக்கடையிடம் தோற்றார். அவருக்கு வாடிக்கையாளரின் மனம் படிக்கத் தெரியவில்லை. ஆசிரியர் அந்த வரியை மிகவும் ரசித்துப் பெரிய எழுத்தில் போட்டார். என் வாழ்நாளில் நான் எழுதிய பொய்களிலேயே பெரியது அதுதான். எழுதிவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

கடற்கரை வழித்தடத்தைப் பிரபுவிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். கிளியனூர் பக்கம் போட்டார்கள், வெறும் சின்னக் கடைகள், கமிஷன் பாதிகூட வராது. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

"மாதா கோயில் பூசைக்குப் போயிட்டு அப்படியே கடைக்குப் போனேன் மேடம். உங்க புக்கு அங்க இருக்குது. தமிழ்நிலா எல்லார் முன்னாடியும் சத்தமாப் படிச்சிக் காட்டிச்சு. வாடிக்கையாளர் மனம் படிக்கத் தெரியவில்லைன்னு வந்ததும் சிரிப்பு தாங்கல அதுக்கு."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா பிரபு?"

போனில் பின்னால் ஏதோ லாரி போனது.

"படிச்சி முடிச்சிட்டு முக்காலியில ஏறிச்சு மேடம். எத்தினி பேர் நின்னுனு இருந்தாங்க, கலியமூர்த்தி சாரும்தான் இருந்தாரு. எனக்கு மட்டும் அடியிலருந்து எடுத்துக் குடுத்துது."